ரன் பட்டன் மட்டும் போதாது

"நாம ரெண்டு பேர்தானே, ரன் பட்டனை அழுத்தினா போதும். கமாண்ட் லைன், தானியங்கி டெஸ்ட் எல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்கு." மொபைல் ஆப் செய்யும் சின்னக் குழுக்களில் இதை அடிக்கடி கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறேன்.

பட்டனும் கட்டளையும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன என்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ரன் அழுத்தினால் வழக்கமாகக் கிடைப்பது டீபக் பில்டு. மக்கள் கைக்குப் போவதோ ரிலீஸ் பில்டு. அதில் ஆர்8 கருவியை இயக்கியிருந்தால், அது நிரலைச் சுருக்கி, பெயர்களை ஓரிரு எழுத்துகளாக மாற்றிவிடும். நான் வேலை பார்த்த ஒரு கடை ஆப்பில் 'பிரைஸ்' என்ற மாறி 'ஏ' ஆகிவிட்டது. சர்வர் அனுப்பிய 'பிரைஸ்' போய் உட்கார இடமில்லை. கிராஷ் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. அரிசி முதல் எண்ணெய் வரை எல்லாம் ₹0. எங்கள் மேசையில் டீபக் பில்டு ஓடிய போன்களில் விலை சரியாகவே இருந்ததால், கோளாறு சர்வரில்தான் என்று இரண்டு நாள் அங்கேயே தேடிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு, ஆப்பை பில்டு செய்யும் கிரேடில் கருவியின் கோப்பில் டெஸ்ட் ஓடும் பில்டு வகையை ரிலீஸுக்கு மாற்றினோம். முதல் பொருளின் விலை 0 ஆக இருக்கக் கூடாது என்று ஒரே ஒரு டெஸ்ட் எழுதினோம். அது தோற்றால் கிரேடில் 0 அல்லாத எண்ணோடு முடியும். எங்கள் வெளியீட்டு ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், வெளியீடு நடக்காது.

தானியங்கி டெஸ்ட் ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில், அதை நம்ப முடியாது என்பது அடுத்த குறை. அந்த அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் காரணம் பெரும்பாலும் நம் அவசரம்தான். எமுலேட்டர் இணைந்துவிட்டது என்று ஏடிபி சொல்லும்போது ஆண்ட்ராய்டு முழுதாக எழுந்திருக்காது. பூட் முடிந்ததற்கான மதிப்பு 1 ஆகும் வரை ஸ்கிரிப்டைக் காத்திருக்க வையுங்கள். மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0 ஆக்குங்கள். எங்கள் தடுமாற்றத்தில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே தீர்ந்தது.

அமைக்க நேரமில்லை என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே, டெர்மினலில் கிரேடிலை இயக்கும் கிரேடில் ராப்பரும் உடன் வந்துவிடுகிறது.

ஐபோனுக்குக் கமாண்ட் லைன் சரிப்படாது என்போர், மேக்குக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய், கையொப்பமிடும் கட்டத்தில் அடிபட்டவர்களாக இருப்பார்கள். பூட்டிக் கிடக்கும் கீச்செயினை முதலில் திறந்தால் எக்ஸ்கோட்பில்ட் தன் வேலையைச் செய்யும். கடவுச்சொல்லை மட்டும் ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள். மேக் இல்லாமல் இது நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கையில் போனை வைத்தே பார்க்க வேண்டியவையும் உண்டு: வெயிலில் எழுத்து தெரிகிறதா, கட்டைவிரலுக்குப் பட்டன் எட்டுகிறதா. அதற்கெல்லாம் எனக்கு நேரம் வேண்டும். அதனால் விலை 0 ஆகிவிட்டதா என்று பார்ப்பதை டெர்மினலிடம் விட்டுவிட்டேன்.