"வீட்டுக்கு வந்து கேட்கிறார்களே, சொல்லலாமா ஹஜ்ரத்?"

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நம் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறியது. தண்ணீர் வடிந்த பிறகு கோலியனூர் பக்கம் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்தார்கள். யாருக்குக் காய்ச்சல், எந்தத் தேதியில் தொடங்கியது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தீர்களா என்று கேட்டு நோட்டில் எழுதினார்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டு வரும் என்பதால்தான் அந்தக் கடைசிக் கேள்வி.

அந்த நாட்களில் ஒரு மூதாட்டி எனக்கு போன் செய்தார். "வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் கேட்கிறார்களே, சொல்லலாமா ஹஜ்ரத்? அந்த வருஷம் மாதிரி ஆயிடாதே?" என்றார். எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. 2020-ஐத்தான் சொன்னார்.

அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய் வந்தவர்கள் முன்வர வேண்டும் என்று தமிழக அரசு கேட்டுக்கொண்டதும், ஏராளமானோர் தாங்களாகவே பெயர் கொடுத்தார்கள். அரசு அதிகாரிகளே அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனாலும் தினமும் மாலையில் வந்த நோய்க் கணக்கில் ஒரு மார்க்கக் கூட்டத்தின் பெயர் தனியாக நின்றது. தொலைக்காட்சிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் சகோதரர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று கூறி வழக்குகளை ரத்து செய்தது. தீர்ப்பு வருவதற்குள் காய்கறி வண்டிக்காரர் பெயர் கேட்டு விரட்டப்பட்ட கதைகளையெல்லாம் நாம் பார்த்துவிட்டோம்.

அதே ஆண்டில் இதே விழுப்புரத்தில் இன்னொன்று நடந்தது. மே முதல் வாரத்தில் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்கள், வியாபாரிகள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று வேகமாகப் பரவியது. சந்தை மூடப்பட்டது. அவர்களையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். ஆனால் அதற்கு 'கோயம்பேடு தொடர்பு' என்று பெயர். யாருடைய மதமும் அதில் ஒட்டவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நமக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

நோய்ப் புலனாய்வு என்று ஒரு படிப்பு இருக்கிறது. அதில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான்: யார், எங்கே, எப்போது. இங்கே 'யார்' என்றால் வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை, எங்கே போனார், என்ன சாப்பிட்டார் என்று பொருள். அமெரிக்காவில் 1951-இல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய நோய்ப் புலனாய்வு சேவையின் சின்னம் ஓட்டை விழுந்த ஒரு ஷூவின் அடிப்பாகம். நடந்து தேய்ந்த செருப்பு என்று அர்த்தம். வகுப்பில் சில வாரங்கள் உட்கார்ந்தால் மீதிக் காலம் முழுவதும் களம்தான். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் இந்த வகைப் பயிற்சியை நடத்தி வருகிறது. டெல்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் தன் பயிற்சியைத் தொடங்கியது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு பீகாரின் முசாபர்பூரைச் சொல்வேன். கோடை வந்தால் அங்கே குழந்தைகள் இரவு நன்றாகத் தூங்கி, விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் காரணம் தெரியவில்லை. 2014-இல் மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, 122 பேர் இறந்தார்கள். டெல்லி மையத்தின் புலனாய்வாளர்கள் நோயுற்ற 104 குழந்தைகளின் வீட்டாரிடமும், அதே வயதில் இந்த நோய் இல்லாத 104 குழந்தைகளின் வீட்டாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். விடை இரண்டு சாதாரண விஷயங்களில் இருந்தது. குழந்தை லிச்சிப் பழம் சாப்பிட்டிருந்தது, இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. பழத்தில் உள்ள நச்சு, வெறும் வயிற்றில் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடுகிறது. ராத்திரி பிள்ளை சாப்பிட்டதா என்ற கேள்விக்கு ஒரு ஏழைத் தாய் 'இல்லை' என்று சொல்ல எவ்வளவு கூசியிருப்பார்! வெட்கப்பட்டு அவர்கள் மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த விடை கிடைத்திருக்காது. வந்தவர் தன்னைக் குறை சொல்ல வரவில்லை என்று அந்தத் தாய் நம்ப வேண்டியிருந்தது.

இனி அந்த அம்மாவின் கேள்வி. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை குர்ஆன் தடை செய்கிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் வருகிறது. சிலர் இதை வைத்தே கதவைச் சாத்துகிறார்கள். ஆனால் அதே அத்தியாயம், ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிவடையும்படியும் கட்டளையிடுகிறது. ஒருவரைக் கேவலப்படுத்தத் தேடுவது வேறு, ஓர் ஊரைக் காப்பாற்ற விசாரிப்பது வேறு. சிகிச்சைக்காக மருத்துவர் உடலைப் பார்க்க அனுமதித்த மார்க்கம், காய்ச்சல் தேதியைச் சொல்லவா தடுக்கும்? ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி மூத்தவர்களையும் தனித்தனியாக அழைத்து ஆலோசித்த பிறகே திரும்பினார்கள். அங்கே முடிவுக்கு முன் விசாரணை இருந்தது.

ஆனால் சொல்லப்பட்டது அமானிதம். இதை எழுதிக்கொள்பவரும் உணர வேண்டும். நோட்டில் இருக்க வேண்டிய பெயர் வாட்ஸ்அப்பில் வந்தால், அடுத்த முறை எந்த வீடும் உண்மை பேசாது. பயிற்சி தருபவர்கள் இதைப் பாடமாக அல்ல, தேர்வாகவே வைக்க வேண்டும் என்பேன். தெருவில் எடுத்த கணக்கின் முடிவை அதே தெருவுக்குத் திரும்பி வந்து சொல்லும் வழக்கமும் வர வேண்டும். கேட்டுவிட்டுப் போனவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று நம் மக்களுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

அந்த அம்மாவிடம், "உள்ளதைச் சொல்லுங்கள், காய்ச்சல் என்று வந்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்" என்றேன். பேத்திக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்ததை அப்போதுதான் என்னிடமே சொன்னார்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. கணக்கெடுப்பு வரும்போது ஜும்ஆவில் முன்கூட்டியே அறிவியுங்கள். தெரிந்த பெண் ஒருவரைக் கூட அனுப்புங்கள். பெற்றோர்களுக்கும் ஒன்று. பிளஸ் டூவில் உயிரியல் படித்த பையன்கள் சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்குப் போகலாம், பெண் பிள்ளைகள் கிராம சுகாதாரச் செவிலியர் ஆகலாம். கோலியனூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டும் புதுச்சேரியில், நோய் பரப்பும் கொசுக்களை ஆராயும் மத்திய அரசு நிறுவனம் பொதுசுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. நம் மஹல்லாக்களில் இந்தப் படிப்புகளின் பெயரைக்கூடக் கேள்விப்படாத வீடுகள்தான் அதிகம்.