பாட்டில்லாத ராக் கோஷ்டி

ராக் சங்கீதம் என்றதும் நம் வீடுகளில் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வது வழக்கம். அவர்கள் மேல் முழுக் குற்றம் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து 'மிஷன் ஆஃப் பர்மா' கோஷ்டியில் கித்தார் வாசித்த ரோஜர் மில்லருக்கு, காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்கும் நோய் கண்டது. துப்பாக்கி சுடுவோர் அணியும் காதுமூடியுடன் மேடையேறிப் பார்த்தார்; பயனில்லை. 1983-ல் கோஷ்டி கலைந்தது. காதையே மூலதனமாகக் கொண்ட மனிதனுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் ஏது?

ஆயினும் அவர் சங்கீதத்தைக் கைவிடவில்லை. 1980-லேயே எரிக் லிண்ட்கிரென் என்பவருடன் சேர்ந்து வேறொரு சிறு கோஷ்டியைத் தொடங்கியிருந்தார். இனி அதுவே கதி என்று பியானோவின் முன் அமர்ந்தார். அதன் பெயர் 'பேர்ட்ஸாங்ஸ் ஆஃப் தி மெஸொஸோயிக்' - டினோஸர்கள் உலவிய யுகத்துப் பட்சிகளின் கானம்! மூவர் பியானோ, ஆர்கன் போன்ற கட்டை வாத்தியங்கள், ஒருவர் கித்தார். பாடகர் இல்லை, நிரந்தர மேளக்காரரும் இல்லை.

1984-ல் வெளிவந்த இவர்களது 'மாக்னெடிக் ஃப்ளிப்' இசைத்தட்டில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' என்னும் மகா கிருதியின் சில பகுதிகள் இருக்கின்றன. அதே தட்டில், பறக்கும் அணிலும் மூஸ் மானும் கதாநாயகர்களான 'ராக்கியும் புல்விங்கிளும்' என்ற குழந்தைகள் சித்திரப் படத்தின் முகப்பு மெட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கலாமா என்று ரஸிகர்கள் முகம் சுளிக்கக்கூடும்.

சுளிக்குமுன் சற்றுச் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். 'வசந்தச் சடங்கு' 29-5-1913 அன்று பாரிஸில் அரங்கேறியபோது, சபையில் எழுந்த கூச்சலில் நடனமாடுவோருக்கு வாத்தியமே கேட்கவில்லை. நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கி திரைக்குப் பக்கத்தில் நின்று தாளக் கணக்கை உரக்கக் கத்த வேண்டியதாயிற்று. இன்று உன்னதம் என்று போற்றுவதை அன்று அநாகரிகம் என்றார்கள். அதன் தொடக்கத்தில் பாஸூன் குழலில் எழும் மெட்டு ஸ்ட்ராவின்ஸ்கியின் சொந்தச் சரக்கும் அன்று. லிதுவேனியா நாட்டுக் குடியானவர் பாடல் தொகுதி ஒன்றிலிருந்து எடுத்தது. கிராமத்தாரின் பாட்டு பாரிஸ் நாடக சாலைக்கு ஏறலாம், அங்கிருந்து ராக் மேடைக்கு மட்டும் இறங்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

நால்வர் வாசிக்கையில் மூலத்திலுள்ள குழல்களின் வர்ணஜாலம் போய்விடுகிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தாளத்தின் எலும்புக்கூடு பளிச்சென்று தெரிகிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் நான் கவனியாத சில வெட்டுக்கள் இதில்தான் எனக்குப் புலப்பட்டன. அணில் மெட்டையும் அவர்கள் கேலியாக வாசிக்கவில்லை, அதே சிரத்தைதான்.

1987-ல் மில்லர் விலகினார். பின்னர் கென் ஃபீல்டு என்னும் ஸாக்ஸஃபோன் வித்வான் சேர்ந்து, கோஷ்டி தொடர்ந்தது. மில்லரின் பழைய கோஷ்டியும் 2002-ல் மறுபடி கூடியது.

கேட்க விரும்புவோர் முதலில் ஸ்ட்ராவின்ஸ்கியின் மூலத்தை முழு ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்டுவிட்டு, அப்புறம் இதற்கு வருவது நலம். குழந்தைகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். ஓசையை மட்டும் சற்றுக் குறைத்து வையுங்கள்.