குருதி கொடுத்தவனுக்கு விடை எங்கே?

வடமத்திய மாகாணத்துக் கமக்காரரின் சிறுநீரகங்கள் காரணம் தெரியாமலே செயலிழக்கின்றன என்பதை வைத்தியர்கள் 1990களின் நடுப்பகுதியிலேயே கண்டனர். நீரிழிவும் இல்லை, குருதி அமுக்கமும் இல்லை. வயலில் இறங்கி உழைத்தவனே நோயாளியானான். பதவியா, மதவாச்சி ஆகிய இடங்களைப் பீடித்த இந்நோய் மாகாண எல்லையோடு நிற்கவில்லை; வவுனியாவிலும் காணப்படுகின்றது. தமிழ்க் கமக்காரன், சிங்களக் கமக்காரன் என்ற பேதம் அதற்கில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தும் காரணம் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. கட்மியம், புளோரைட்டு, நீரின் வன்மை, பீடைகொல்லிகள், வெயிலில் உடல் நீரிழந்து உழைத்தல் எனப் பல கருத்துகள் உள. அரசாங்கமோ சாட்சியம் முடியுமுன் தீர்ப்பெழுதியது. 2015 இல் கிளைபொசேற்றைத் தடைசெய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களித்தது. 2022 இல் தடையையே நீக்கியது. தடை ஏன் வந்தது, ஏன் போயிற்று என்று நோயுற்ற கமக்காரனுக்கு விளக்கம் கூறியவர் யார்?

ஆராய்ச்சியே நடைபெறவில்லை என்று நாம் கூறோம். உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் நடத்திய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. அதன் பின்னரும் ஆய்வாளர் பலர் வந்தனர். குருதியும் சிறுநீரும் கிணற்று நீரும் கொடுத்தவர்கள் கமக்காரர். எதை ஆராய்வது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு ஆசனம் உண்டா?

"நோயாளிக்கு விஞ்ஞானம் தெரியாதே" என்பர் சிலர். எக்கிணற்று நீரை எத்தனை ஆண்டு குடித்தான், எம்மருந்தை எத்தனை மணிநேரம் விசிறினான், நண்பகலில் தண்ணீரின்றி எவ்வளவு நேரம் நின்றான் என்பனவற்றை அவனன்றி அறிந்தவர் யார்? நோயாளரைப் பங்காளராகக் கொள்ளும் ஆராய்ச்சிக்கெனக் கனடா 2011 இல் பொதுப்பணத்தில் தனித்திட்டமே வகுத்தது.

"பணமில்லை" என்பர் வேறு சிலர். இந்நாட்டின் மொத்த உற்பத்தியில் நூறு ரூபாவுக்கு ஏறத்தாழ பத்துச் சதமே சகல ஆராய்ச்சிக்குமாகச் செலவாகின்றது. பொலனறுவையில் சீன உதவியுடன் எழுந்த சிறுநீரக வைத்தியசாலை 2021 இல் திறக்கப்பட்டது, அதனை வரவேற்கின்றோம். ஆயினும் நோயின் வேரை அறியாத நாடு, வைத்தியசாலைகளைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாம் கோருவன மூன்று. ஒன்று: ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் இந்நோய் ஆராய்ச்சிக்கு நிலையான நிதி. இரண்டு: அந்நிதியைப் பங்கிடும் சபையில் நோயாளருக்கும் கமக்காரருக்கும் வாக்குரிமையுள்ள இடம். மூன்று: சம்மதப் பத்திரமும் ஆய்வு முடிவும் தமிழிலும் சிங்களத்திலும் கிராமத்துக்கே வரவேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. 1987 இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2015 இன் 19ஆம் திருத்தம் தகவலறியும் உரிமையை அரசியலமைப்பில் பொறித்தது. ஏட்டிலுள்ள உரிமை வயலுக்கு வரவேண்டும்.

வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! உங்கள் சோற்றை விளைவிப்பவனின் வழக்கு இது. ஒவ்வொரு கமக்கார அமைப்பும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றித் தன் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அவர் என்ன பேசுகிறார், எப்படி வாக்களிக்கிறார் என்பதைக் கணக்கில் வைத்திருப்போம்.