கறுத்த கேக்குத் தட்டு

சென்ற கிழமை நம் பெறாமகள் இரண்டு கேக்குத் தட்டுகளைக் கடதாசியிற் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு மணமாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. மாமன் மாமியார் விருந்துக்கு வருகின்றார்களாம். அவர்கள் கண்ணில் இத்தட்டுகள் படலாகாது என்பது அவள் கவலை.

“தேய்த்துத் தேய்த்துக் கைதான் நொந்தது, சின்னம்மா. இந்தக் கறுப்பைப் போக்க ஒரு வழி சொல்லுங்கள்” என்றாள்.

பிரித்துப் பார்த்தோம். ஒன்று அலுமினியம், புதியது. மற்றது தகரம். அதைக் கண்டதும் நமக்குப் பகீரென்றது. அது நம் அன்னையாரின் தட்டு. மேலும் கீழும் தணலிட்டுக் கேக்கு வேகவைத்த காலத்திலே ஒரே அளவில் இரண்டு தட்டுகள் வைத்திருந்தார். ஒன்று தமக்கையாருக்கும் மற்றது நமக்கும் வந்தன. நமக்கு வந்ததை நாம் என்ன செய்தோம் தெரியுமா? புதுக் குடித்தனத்தின் உற்சாகத்தில், செங்கட்டித் தூளும் தேங்காய்த் தும்பும் கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் மினுக்கினோம். வெள்ளிபோல் ஒளிர்ந்தது. பத்து நாட்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் மூலைக்கு மூலை கறள்!

தகரம் என்று நாம் வழங்குவது உண்மையில் மெல்லிய இரும்புத் தகடேயாகும். அதன்மேல் வெள்ளீயம் மிக நுண்ணியதாகப் பூசப்பட்டிருக்கும். போறணையிற் பலமுறை சூடேற அப்பூச்சு மங்கிச் சாம்பல் நிறமாகிப் பின் கறுக்கும். அது அழுக்கன்று. அழுக்கென்று எண்ணிச் சுரண்டுவோமானால் பூச்சுப் போய்விடும், இரும்பு வெளிப்படும், நம் நாட்டு ஈரக்காற்று மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடுவதால், வெறுந்தட்டை நெருப்பில் வைத்துக் காயவைப்பதும் தவறு.

ஆயினும் கறுத்த தட்டு ஒரு குணமும் உடையது. கரிய பரப்பு வெப்பத்தை நன்கு உறிஞ்சும். மின்னும் பரப்போ அதைத் திருப்பிவிடும். ஆகையால் பாண் அடியிற் பொன்னிறமாக முறுகுவதற்குக் கறுத்த தட்டே ஏற்றது. கேக்குக்கு மட்டும் போறணையின் சூட்டைப் பத்துப் பதினைந்து பாகை குறைத்துக்கொள்ள வேண்டும். லவ் கேக்குப் போல நெடுநேரம் வேகும் பண்டமாயின் எண்ணெய்த் தாளின் கீழ் இரண்டு மூன்று மடிப்புப் பழைய பத்திரிகைத் தாளும் இடுவது நம் வீடுகளில் வழக்கம். எழுதுகின்ற நமக்கு அதிலே வருத்தம் ஒன்றுமில்லை.

கறுப்பு வேறு, கபில நிறத்திற் பிசினெனப் படிந்திருக்கும் பழைய நெய்க்கறை வேறு. விரல் வைத்தால் சற்று ஒட்டுவது பின்னது. அதனைப் போக்கத்தான் வேண்டும். இல்லையேல் அடுத்த கேக்கிற் காறல் வாடை வீசும். தகரத் தட்டாயின் ஒரு போத்தல் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து ஊற்றி, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தாற் போதும். உடனே ஈரமறத் துடைத்து, அணைந்த அடுப்பின் வெதுவெதுப்பில் உலர்த்தித் துளி எண்ணெய் தடவி வைக்கவேண்டும்.

பெறாமகள் இதைக் கேட்டுத் திடுக்குற்றாள். “சோடாவை அலுமினியத் தட்டில் அல்லவா போட்டுக் கொதிக்க வைத்தேன்!” என்றாள். அது கறுத்ததன் காரணம் அதுவே. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. யாழ்ப்பாணத்திலே சுண்ணாம்புக் கற்பாறையில் வெட்டிய கிணற்று நீரைச் சும்மா கொதிக்கவைத்தாலும் அலுமினியச் சட்டி உட்புறம் கறுப்பதை நம் வாசகியர் பலர் கண்டிருப்பர். கடைகளில் விற்கும் போறணை துப்புரவாக்கும் மருந்துகள் பலவற்றில் எரிசோடா உண்டு. அது அலுமினியத்தையே அரித்துவிடும்.

காரத்தால் வந்ததை அமிலத்தால் தீர்க்கலாம். தேசிக்காயளவு பழப்புளியை ஒரு போத்தல் நீரிற் கரைத்து வடித்து, அவள் தட்டிலே ஊற்றி மெல்லிய நெருப்பிற் பத்து நிமிடம் வைத்தோம். கறுப்புக் கரைந்து வெண்மை தோன்றியதும் அவள் முகமும் தெளிந்தது. கேக்கு முட்டை வெண்கருவிற் சேர்க்கும் கிறீம் ஒவ் ராட்டாரும் இவ்வேலையைச் செய்யும். அதிலும் புளியிலும் இருப்பது ஒரே இனத்து அமிலம். வினாகிரியும் தேசிச்சாறும் உதவும். ஆனால் இரவு முழுவதும் ஊறவிடல் வேண்டாம். தட்டிற் சிறு குழிகள் விழும்.

ஒட்டாப் பூச்சுள்ள புதுத் தட்டுகளுக்கு இவையொன்றும் வேண்டியதில்லை. மெல்லிய துணியும் சவர்க்காரமும் போதும். இரும்புத் தும்பு கிட்டவும் வரலாகாது.

எந்தத் தட்டாயினும், கேக்கைக் கவிழ்த்த பின் இளஞ்சூட்டிலேயே மூலைகளைத் துடைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். மறுநாளுக்கு வைத்தால்தான் சுரண்டல் தொடங்குகின்றது.

புறப்படும்போது தகரத் தட்டை மீண்டும் கடதாசியிற் சுற்றினாள்.

“இதை இப்படியே கறுப்பாகவா விடுவது?”

“அப்படியே விடு. அம்மம்மாவின் தட்டென்று மாமியாரிடம் சொல்.”

“உங்களுடையது எங்கே, சின்னம்மா?”

கிணற்றடியைக் காட்டினோம். அங்கே கோழிக்குஞ்சுகள் அதிலே தவிடு தின்றுகொண்டிருந்தன.