மலையேறினால் நின்றுபோகும் மெய்நிகர் கணினி: ஒரு கோரிக்கைச் சாசனம்

பழனி, கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மன்னவனூர் வட்டாரங்களில் கணினி பழுதுபார்க்கும் நாங்கள், அலுவலகத் தலைமைகளுக்கும் வலையமைப்புப் பொறுப்பாளர்களுக்கும் வைக்கும் கோரிக்கைகள்:

பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை மெய்நிகர் கணினிக்குள் (விஎம்) வைத்து, ஒரே லேப்டாப்பில் ஊர் ஊராகக் கொண்டுபோகிறோம். பழனியில் ஒழுங்காக ஓடியது, 64 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறிக் கொடைக்கானலில் திறந்தால் சர்வரைக் காணோம் என்கிறது. "உங்க விஎம்தான் கோளாறு" என்று உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. அலுவலகம் மாறியதும் வலையமைப்பின் விதியும் மாறிவிட்டது. அந்த விதியை யாரும் எழுதிவைக்கவில்லை.

உதாரணமாக, பிரிட்ஜ் முறையில் மெய்நிகர் கணினி தனக்கென ஒரு மேக் முகவரியோடு ஸ்விட்ச்சிடம் வரும். ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் என்று பூட்டிய ஸ்விட்ச் அதை ஏற்காது. சில நேரம் போர்ட்டையே அணைத்துவிடும். வைஃபையிலும் பல இடங்களில் இதே கதை. நேட் முறைக்கு மாற்றினால் இணையம் கிடைக்கும். ஆனால் தனி ஏற்பாடு இல்லாமல் பக்கத்து அறைக் கணினி மெய்நிகர் கணினியைத் தேடி உள்ளே வர முடியாது.

ஆகவே முதலில் கேட்பது ஒரு தாள். ஐபி வரிசை, கேட்வே, டிஎன்எஸ், ப்ராக்ஸி, ஒரு போர்ட்டில் எத்தனை மேக் அனுமதி என்று எழுதி, ரேக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது முகவரி மோதல். உள் வலையமைப்புகளுக்கென 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என மூன்று பெரிய தொகுதிகளை 1996இலேயே ஒதுக்கிவிட்டார்கள். ஆனாலும் எங்கு போனாலும் 192.168.1தான். அப்படி இரண்டு அலுவலகங்களை விபிஎன் வழியே இணைத்தால், அங்கே போகவேண்டிய தகவல் இங்கேயே சுற்றும். விர்ச்சுவல்பாக்ஸின் நேட் வழக்கமாக 10.0.2 வரிசையை எடுத்துக்கொள்ளும். அலுவலகமும் அதே வரிசையில் இருந்தால், லேப்டாப்புக்குத் தெரியும் சர்வர் மெய்நிகர் கணினிக்குத் தெரியாது. கிளைகள் பேசிவைத்து ஆளுக்கொரு வரிசையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எங்களை அழைக்கும் முன் நான்கு பிங் போட்டுப் பாருங்கள்: லேப்டாப்பிலிருந்து கேட்வேக்கு, மெய்நிகர் கணினியிலிருந்து கேட்வேக்கு, பிறகு சர்வரின் எண்ணுக்கு, கடைசியாகப் பெயருக்கு. எண் பதிலளித்துப் பெயர் அளிக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். சின்ன பிங் போய்ப் பெரிய கோப்பு பாதியில் தொங்கினால் எம்டியூ அளவைச் சந்தேகிக்கலாம்: ஈதர்நெட்டில் 1500, பிபிபிஓஇ இணைப்பில் 1492, விபிஎன்னுக்குள் இன்னும் குறைவு. இவற்றில் பாதியைத் தொலைபேசியிலேயே தீர்த்துவிடலாம். நாங்கள் மலையேறி வருவது எளிதல்ல: 2024 மே 7 அன்று கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்ததையும், சீசனில் மலைப்பாதை நெரிசல் எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இணைப்புக் கம்பி பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். மரம் விழுந்தால் கம்பியும் அறும். வத்தலக்குண்டு மலைப்பாதை வழியாக ஒரு இணைப்பு வந்தால், மாற்று இணைப்பு பழனிப் பாதை வழியாக வரட்டும். கணினிக்கு யுபிஎஸ் வாங்கும்போது ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

ரவுட்டரை மாற்றுவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். ரேக்கில் ஒட்டிய தாளையும் அன்றே திருத்துங்கள்.