பாலைவனத்துக்குப் போய் நீச்சல் குளம் தேடுகிறவர்கள்

ஜெய்சல்மேர் பக்கம் டூர் போகிற கல்லூரிப் பசங்க மணல்மேட்டில் ஒரு ராத்திரி தங்க கேம்ப் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். நீச்சல் குளம் இருக்கா? டி.ஜே. உண்டா? டென்ட்டுக்குள் ஏ.சி. இருக்கா? பஃபேயில் எத்தனை ஐட்டம்? இத்தனை கேள்வியும் கேட்பார்கள். மணலைப் பற்றி ஒரு கேள்வி? ம்ஹூம்.

இத்தனைக்கும் இலுப்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போவது என்ன விராலிமலைக்குப் பஸ் ஏறுகிற மாதிரியா? திருச்சிக்குப் போய், ரயில் பிடித்து, நடுவில் மாறி, இட்லியை மறந்து, பாதி இந்தியாவைத் தாண்டிப் போக வேண்டும். அப்பா அம்மாவிடம் கெஞ்சி, உதவித்தொகையில் மிச்சம் பிடித்துச் சேர்த்த காசு அது. அவ்வளவு தூரம் போய், திருச்சி ரிசார்ட்டிலேயே கிடைக்கிற ஒரு ராத்திரியை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குப் பெயர் டூரா?

சம் என்கிற இடத்தைப் பார்ப்போம். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். எல்லா பேக்கேஜும் போய் நிற்பது அங்கேதான். சாலையோரம் வரிசையாகக் கூடாரங்கள். சாயங்காலம் ஒட்டகத்தில் ஒரு ரவுண்டு, ஜீப்பில் மணல்மேட்டில் ஏறி இறங்கும் ஒரு கூச்சல், இருட்டினதும் நடுவில் தீ மூட்டி நாட்டுப்புற ஆட்டம், பிறகு சினிமாப் பாட்டு, சாப்பாடு, தூக்கம். காலையில் டிபன், பில். ஒரு கேம்ப்புக்கும் அடுத்த கேம்ப்புக்கும் வித்தியாசம் துணியின் கலர்தான்! நீங்கள் வானத்தைப் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினால் பக்கத்து கேம்ப்பின் ஃபோகஸ் லைட் கண்ணில் அடிக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு பி.காம். முதலாண்டுக் கணக்கே போதும். இந்தத் தொழிலுக்கு சீசன் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். வெயில் காலத்தில் அங்கே எவன் போவான்? (பக்கத்து பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது.) ஆக வருஷம் முழுவதுக்குமான நிலையான செலவை ஆறு மாதத்தில் எடுத்தாக வேண்டும். ஏஜென்ட் கமிஷன் வேறு. பக்கத்து கேம்ப்காரன் விலையைக் குறைத்தால் இவரும் குறைக்கணும். டீசல் விலையைக் குறைக்க முடியாது, அரிசி விலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிவது எதை? பாடுகிறவர் கூலியையும் ஒட்டகக்காரர் கூலியையும்தான். "என்னா சீப்பு மச்சி" என்று மகிழ்கிற அந்தத் தொகை யார் பாக்கெட்டிலிருந்து வருகிறது என்று வாடிக்கையாளர் கேட்பதே இல்லை.

பாடுகிறவர்கள் யார் என்றாவது தெரியுமா? பெரும்பாலும் மாங்கணியார்கள். தலைமுறை தலைமுறையாகப் புரவலர் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாடி வந்தவர்கள். அவர்களின் கமாய்ச்சா என்ற வில்வாத்தியத்தை வாசித்ததற்காகத்தான் ஜெய்சல்மேர் மாவட்டத்து சாகர் கானுக்கு 2012-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆடுகிற பெண்கள் பெரும்பாலும் கால்பேலியா சமூகம். பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழில் போய், ஆட்டமே பிழைப்பானது. 2010-ல் அந்த ஆட்டத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அப்பேர்ப்பட்டவர்களை உட்கார வைத்து, ரெண்டு பாட்டு முடிவதற்குள் "குத்துப்பாட்டு போடுப்பா" என்று கத்துவது! கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையை பந்தியில் ஒரு மூலையில் உட்கார வைத்து, ரசம் வருகிற வரைக்கும் வாசியுங்கள் என்று சொன்னால் புதுக்கோட்டைக்காரன் சும்மா இருப்பானா?

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சராசரியாக சுமார் 200 மில்லிமீட்டர்தான். புதுக்கோட்டையில் 800-க்கு மேல் பெய்தும் சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, குடம் வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளை, அதில் சுமார் கால்வாசி மழையே பெய்கிற ஊரில் போய் "ஸ்விம்மிங் பூல் இல்லையா?" என்று கேட்பது கொழுப்பு. வேறு சொல் இல்லை. 1958-ல் வெட்டத் தொடங்கி, பஞ்சாப் ஆற்றுத் தண்ணீரை 600 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வருகிறது இந்திரா காந்தி கால்வாய். குளித்துக் கும்மாளம் போடுவதற்காகவா அதை வெட்டினார்கள்?

அடுத்து ஒட்டகம். 2012 கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் சுமார் 3.26 லட்சம் ஒட்டகங்கள். 2019-ல் 2.13 லட்சம். நடுவில் 2014-ல் அதை மாநில விலங்காக அறிவித்தார்கள், 2015-ல் வெட்டவும் வெளியே கொண்டுபோகவும் தடைச் சட்டம் போட்டார்கள். அப்படியும் எண்ணிக்கை இறங்கியது. டிராக்டர் வந்தாச்சு, மேய்ச்சல் நிலம் சுருங்கியாச்சு, வளர்ப்பவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒட்டகம் வளர்ப்பவருக்கு உருப்படியான வருமானம் தரக்கூடிய ஒரு வழி சுற்றுலா. அதையும் பேக்கேஜுக்குள் கால்மணி நேரச் சவாரியாக நசுக்கி, மிச்ச நேரத்தை ஜீப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜீப் தடம் மணலில் ஒரே காற்றில் அழியும், சரி. மேட்டடியில் முளைக்கிற சேவண் புல்லின் மேல் டயர் ஏறினால் அது அழிகிற மாதிரி திரும்பி வராது. மாடும் ஆடும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தப் புல்வெளியை நம்பி இன்னொரு ஜீவனும் இருக்கிறது. கானமயில். சம் மணல்மேடுகளை ஒட்டியே பாலைவன தேசியப் பூங்கா. 3,162 சதுர கிலோமீட்டர், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உலகத்தில் மிஞ்சியிருக்கிற கானமயில்கள் 150-க்கும் குறைவு, அதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில். நியாயமாகச் சொன்னால் அதைக் கொல்வதில் முதல் குற்றவாளி மின்கம்பிதான், கேம்ப் இல்லை. கம்பிகளைப் புதைக்கச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024-ல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. வழக்கு போடுகிற அளவுக்கு அழிவில் நிற்கும் பறவையின் வாசலில் பாக்ஸ் வைத்து அலற விடாமல் இருப்பது அத்தனை பெரிய தியாகமா? இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் வருஷத்து விதியே இருக்கிறது.

"வாழ்க்கையில் ஒரு தடவை போறோம், ஆடிப் பாடக் கூடாதா? இதெல்லாம் பணக்காரன் பேசுற பேச்சு" என்பார்கள். ஆடுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் பணக்காரப் பேச்சு என்பதுதான் இடிக்கிறது. நீச்சல் குளமும் ஏ.சி.யும் உள்ள டென்ட்தான் பல ஆயிரம். குரி கிராமத்தில் (ஜெய்சல்மேரிலிருந்து தென்மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர்) மண்குடிசை வீடுகளில் ஊர்க்காரர்களே தங்க வைக்கிறார்கள். ராத்திரி மணல்மேட்டில் கட்டிலோ மெத்தையோ போட்டுத் தருகிறார்கள். கூரை வானம்தான். விலை குறைவு, காசு போவது அந்த வீட்டுக்கே. ஆக சிக்கனக்காரன் எடுக்க வேண்டிய முடிவும் இதேதான் :-)

போகிறவர்கள் போன் போட்டு முதலில் நாலு விஷயம் கேளுங்கள். ஒட்டகம் யாருடையது, சவாரிக் காசு அவர் கைக்கு நேரே போகுமா? பாடுகிறவருக்குச் சம்பளமா, இல்லை வெறும் டிப்ஸா? கழிவும் பிளாஸ்டிக்கும் எங்கே போகிறது? எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரித்தார்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். பிறகு காலண்டரை எடுத்து அமாவாசை எப்போது என்று பாருங்கள், நட்சத்திரம் வேண்டுமென்றால். டிசம்பர், ஜனவரி என்றால் கம்பளி கட்டாயம். விடியற்காலைக் குளிர் இலுப்பூர் மார்கழி மாதிரி இருக்காது, பல்லை ஆட்டிவிடும்.

ராஜஸ்தான் வரை போகக் காசில்லை என்கிறவர்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழித் தேரி இருக்கிறது. இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல், நடுவே பனையும் முந்திரியும், உள்ளே சுனையோடு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். கேம்ப் கிடையாது, டென்ட் கிடையாது, பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும். "அங்கேயும் நாலு டென்ட் போட்டா சூப்பரா ஓடும்ல?" என்று எவனாவது பிசினஸ் ஐடியா சொன்னால், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தயவுசெய்து அவன் வாயை மூடவும்.