கல்லும் மரமும் கற்பிக்கும் கல்வி



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நம் மங்கலம் வீடுகளில், "அடுத்து என்ன படிப்பு?" என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பொறியியல், வணிகவியல், கணினி எனப் பட்டியல் நீள்கிறது. அந்நேரத்தில் ஒரு பிள்ளை, "நான் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்து அச்சோவியம் பயில விரும்புகிறேன்" என்று சொன்னால் வீடே அமைதியாகிவிடும். "அதைப் படித்தால் வயிறு நிறையுமா?" என்று அத்தா கேட்பார். "மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டிற்கும் விடை காண்போம்.

'பிரிண்ட்மேக்கிங்' எனப்படும் அச்சோவியத்தில் நான்கு முக்கிய முறைகள் உண்டு. மரப்பலகையைச் செதுக்கி, மேடாக நிற்கும் பகுதியில் மை தடவி எடுப்பது ஒன்று. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்து, பள்ளத்தில் தங்கிய மையை ஈரத்தாளில் அழுத்தி எடுப்பது மற்றொன்று. மூன்றாவது கல்லச்சு. நான்காவது ஸ்கிரீன் அச்சு. இந்த நான்காவதை நம் வட்டாரத்தாருக்கு விளக்கவும் வேண்டுமோ? பனியன்மேல் நான்கு நிறப் படம் வேண்டுமானால் நிறத்திற்கொன்றாக நான்கு ஸ்கிரீன் வேண்டும். ஒன்று நூலளவு விலகினாலும் பீஸ் வீண் என்பதைத் திருப்பூர்ப் பிரிண்டிங் பட்டறைப் பிள்ளைகள் நன்கறிவர்.

கல்லச்சும் நமக்கு அந்நியமன்று. 1796-இல் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்ட முறை அது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் தத்துவம். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி நீர் பூசினால், எழுதிய இடம் மட்டுமே மையை ஏற்கும். உர்தூவின் சரிந்து வளையும் எழுத்தை ஈய அச்சில் வார்ப்பது கடினமாயிருந்தது. கல்லச்சிலோ காத்திபின் கையெழுத்து அப்படியே தாளில் இறங்கியது. 1858-இல் லக்னோவில் தொடங்கப்பட்ட நவல் கிஷோர் அச்சகம் குர்ஆன் பிரதிகளையும் உர்தூ, பார்சி நூல்களையும் இவ்வாறே அச்சிட்டது. நம் முன்னோர் ஓதிய அரபுத் தமிழ் நூல்கள் பலவும் கல்லச்சில் வந்தவையே.

அப்படியானால் பட்டறையிலேயே கற்றால் போதாதா? போதாது. பட்டறையில் ஒருவர் தந்த படத்தைப் பிறழாமல் அச்சிடுகிறோம். கல்லூரியிலோ, எதை அச்சிடுவது, ஏன் அச்சிடுவது என்று தானே தீர்மானிக்கும் அறிவு பயிற்றப்படுகிறது. இருபத்தைந்து பிரதிகள் எடுத்தால், ஒவ்வொன்றிலும் 1/25, 2/25 என்று பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடுவது மரபு. எண்ணிட்ட அத்தொகுதியில் குறித்த எண்ணுக்குமேல் ஒன்றும் சேர்ப்பதில்லை. அந்த நாணயமே கலைஞனின் மூலதனம்.

மார்க்கக் கேள்விக்கு வருவோம். அலிகரில் 1937-இல் பிறந்த ஸரீனா ஹாஷ்மி, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1958-இல் பட்டம் பெற்றவர். பின்னர் பாங்காக்கிலும் பாரிஸிலும் டோக்கியோவிலும் அச்சோவியம் கற்றார். 1999-இல் அவர் படைத்த 'வீடு ஓர் அந்நிய நாடு' என்னும் தொகுப்பில் 36 மரச்செதுக்கு அச்சுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் உர்தூச் சொல்லைச் சுற்றி எழுந்தது. தந்தையின் வீட்டு வரைபடத்தையும், நாட்டைப் பிரித்த எல்லைக்கோட்டையும் அவர் அச்சாக்கினார். கோடும் எழுத்துமே அவர் மொழி. 2011 வெனிஸ் கலைக் கண்காட்சியில் இந்திய அரங்கில் இடம்பெற்ற அவர், 2020-இல் மறைந்தார்.

கலை உருவத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அவர் சான்று. எனினும் ஒன்றை மறைக்கலாகாது. கவின்கலைக் கல்லூரிகளில் மனித உருவம் வரையும் பயிற்சியும் பாடத்தில் உண்டு. சேர்வதற்கு முன்பே கல்லூரி ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். நீங்கள் நம்பும் ஆலிமிடமும் ஆலோசியுங்கள். பாதிப் படிப்பில் குழம்புவதைவிட முன்கூட்டியே தெளிவது நலம்.

இனி வயிற்றுக் கேள்வி. தொடக்க ஆண்டுகளில் அச்சோவியம் மட்டுமே சோறு போடும் என்று எண்ண வேண்டாம். அச்சு இயந்திரம் விலை மிக்கது. தனியே வாங்குவது அரிது. சென்னையிலுள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையம் போன்ற பொதுப் பட்டறைகளே பலருக்கு ஆதாரம். துணி வடிவமைப்பு, நூல்களுக்குப் படம், ஆசிரியப் பணி ஆகியவை இடைக்காலத்தில் கைகொடுக்கும். தேவகோட்டையில் 1957-இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் டமரிண்ட் நிறுவனம் வரை சென்று கல்லச்சுக் கற்றுப் புகழடைந்தார். பெருநகரப் பிள்ளைகளுக்கே உரிய துறையன்று இது.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் இத்துறையில் மேற்படிப்பு உண்டு.

பெற்றோர்களே! உடனே மறுத்துவிடாதீர்கள், உடனே சம்மதிக்கவும் வேண்டாம். விடுமுறையில் பிள்ளையைத் தெரிந்தவர் பிரிண்டிங் பட்டறையில் ஒரு மாதம் இருக்கச் செய்யுங்கள். ஒரே படத்தைப் பத்து முறை எடுத்தும், பதினோராவது முறை பிழை தேடும் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கைக்கு வழிவிடுங்கள். ஆசை மட்டும் இருந்து பொறுமை இல்லையென்றால், அதைப் பிள்ளையே உணர்ந்துகொள்ளும்.

நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.